மழைக்குப் பள்ளி மூடினால் சம்பளம் என்னாகும்? நீலகிரி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரி ஒரே மாவட்டம்தான், ஆனால் மழைக்காலம் இரண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். 2009 நவம்பர் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அதனால் இப்போதெல்லாம் வானம் இருண்டாலே ஆட்சியர் தாலுகா பார்த்து விடுமுறை விட்டுவிடுகிறார். அதில் தப்பே இல்லை. ஆனால் மூடிய நாளின் சம்பளம் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இருக்காது. கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

கேள்வி: பந்தலூர் பக்கம் ஒரு தனியார் நர்சரி, தொடக்கப் பள்ளியில் வேலை. மாதம் 12,000 ரூபாய். ஜூலையில் மழையால் 9 நாள் பள்ளி இல்லை. சம்பளத்தில் 3,600 ரூபாய் பிடித்துவிட்டார்கள். "வேலை இல்லை, அதனால் சம்பளமும் இல்லை" என்கிறார் தாளாளர். இது சரியா சார்?

சரியில்லை டீச்சர். அந்தப் பேச்சு, வேலை இருந்தும் வராதவருக்கும் வேலைநிறுத்தம் செய்தவருக்கும் பொருந்தும். நீங்கள் வரத் தயாராக இருந்தீர்கள், பள்ளியைத் திறக்கக் கூடாது என்று ஆட்சியர் சொன்னார். அது நீங்கள் எடுத்த விடுப்பு ஆகாது. உங்கள் நியமன ஆணையில் மாதச் சம்பளம் என்றுதானே இருக்கிறது? மாதச் சம்பளத்தை நாள்கூலியாக மாற்ற உங்கள் சம்மதம் வேண்டும்.

தாளாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: போன 9 நாளை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 மணி நேரக் கற்பித்தலும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். 6 முதல் 8 வகுப்புகளுக்கு 220 நாள், 1,000 மணி. அதனால் மழையில் போன நாட்களுக்கு உங்களைச் சனிக்கிழமைகளில் கூப்பிடுவார்கள். ஜூலையில் பிடித்த பணத்தை அந்தச் சனிக்கிழமைகளுக்குத் திருப்பித் தருவார்களா? தராவிட்டால் 9 நாள் உங்களிடம் இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்று பொருள்.

அடுத்தது கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. பள்ளியின் நிர்வாகச் செலவையும் அது கணக்கில் எடுக்கும். ஆசிரியர் சம்பளத்தைச் செலவில் காட்டிக் கட்டணம் வாங்கிய பள்ளி, பெற்றோருக்கு 9 நாள் கட்டணத்தைத் திருப்பித் தந்ததா? தந்திருக்காது.

எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். எந்த விதியின்படி எத்தனை நாளுக்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று ஒரு கடிதம் போதும். நியமன ஆணை, வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். இருந்தால் அதன் பாஸ்புக், வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-லேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போய் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

ஒன்று மட்டும். தேயிலைத் தோட்டப் பிள்ளைகளை நம்பி ஓடும் சின்னப் பள்ளிக்கு மழை மாதத்தில் கட்டணம் வராது என்பது உண்மை. பாதியை இப்போதும் மீதியைத் தீபாவளிக்குள்ளும் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளித் தருவதற்குச் சம்மதிக்கலாம், பிடித்துக்கொள்வதற்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

கேள்வி: குன்னூர் தாலுகாவில் அரசு உயர்நிலைப் பள்ளி. மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமைகளில் பள்ளி வைக்கிறார்கள். அந்த நாட்களுக்கு ஈடுசெய் விடுப்பு உண்டா?

இல்லை. மழை நாளுக்குச் சம்பளம் வாங்கிவிட்டீர்கள், சனிக்கிழமை அதன் மறுபக்கம். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குகிறார்களே, அதே கணக்குதான்.

ஆனால் மழை விடுமுறை அன்று உங்கள் பள்ளியில் நிவாரண முகாம் நடந்து, நீங்கள் அங்கே ஆட்களைப் பதிவு செய்துகொண்டும் சாப்பாடு பார்த்துக்கொண்டும் இருந்திருந்தால் கதை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் மூன்றும் விலக்கு. ஆகவே முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. வந்தால் அது வேலை நாள். தாசில்தாரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ இந்தத் தேதியில் இங்கே பணிபுரிந்தார் என்று ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு விடுப்பு கேளுங்கள். முகாம் கலைந்த பிறகு அந்தச் சீட்டு வாங்குவது லேசான காரியமில்லை.

கேள்வி: வீடு மேட்டுப்பாளையத்தில், பள்ளி கோத்தகிரி தாலுகாவில். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் போகவில்லை. கோத்தகிரிக்கு அன்று விடுமுறையும் இல்லை. தற்செயல் விடுப்பில் ஒரு நாள் கழித்துவிட்டார்கள்.

விடுமுறை உத்தரவு பள்ளி இருக்கும் இடத்துக்குத்தான், ஆசிரியர் வீடு இருக்கும் இடத்துக்கு இல்லை. கழித்தது சரி. மலைப்படி வாங்கிக்கொண்டு சமவெளியில் குடியிருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பது நல்லது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் விடுப்பு எழுதிக் கொடுத்த நாளில் உங்கள் தாலுகாவுக்கே விடுமுறை அறிவித்துவிட்டால் விடுப்பைக் கழிக்கக் கூடாது, கேட்டுத் திரும்ப வாங்குங்கள். அறிவிப்பில் 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று இருக்கிறதா, 'மாணவர்களுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் நீங்கள் போக வேண்டும்.

கேள்வி: மசினகுடி பக்கம் இருந்து எழுதுகிறேன். நீண்ட விடுமுறை வந்தால் எங்கள் தனியார் பள்ளியில் காலை 9 முதல் மாலை 4 வரை ஆன்லைன் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். டவர் கிடைக்க மேட்டில் ஏறி நிற்க வேண்டும். எத்தனை மணி நேரம் கேட்கலாம் என்று கணக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல்படி, 1 முதல் 8 வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது. 9 முதல் 12 வரை நான்கு. குழந்தைகளின் கண்ணையும் உட்காரும் நேரத்தையும் நினைத்துப் போட்ட வரம்பு என்றாலும் ஆசிரியருக்கும் அதுதான் பிடிமானம்.

ஆனால் இரண்டு வகுப்பு முடிந்ததும் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் வைத்திருக்கிறது. பாடம் தயாரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஒர்க் ஷீட் தயாரிப்பது, நோட்டு திருத்துவது, பெற்றோரிடம் போனில் பேசுவது எல்லாம் அந்த 45-க்குள் வரும். ஆகவே மறுப்பதை விட மாற்று சொல்வது நல்லது. டவர் இல்லாத வீடுகளுக்கு வாரம் ஒருமுறை அச்சிட்ட தாள் கொடுத்துத் திரும்ப வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். யானை நடமாடும் ஊரில் பிள்ளை டவர் தேடி மாலையில் வெளியே நிற்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஊட்டியில் ஒரு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர், விடுதிக் காப்பாளரும் நானே. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸை மூடினார்கள். காப்பாளர் படியை நிறுத்தினார்கள், குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்கிறார்கள்.

மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். காப்பாளர் படி அந்த வேலைக்கான கூலி. பிள்ளைகள் இல்லாத மாதத்தில் அதை நிறுத்தினால் வாதாடுவது கஷ்டம். சாப்பாடு நியமன ஆணையில் சம்பளத்தின் பகுதியாக இருந்தால் அதற்குப் பதில் பணம் கேட்கலாம். வெறும் சலுகையாக இருந்தால் முடியாது. வீட்டு விஷயம் வேறு. வேலை தொடரும்வரை வீடும் தொடரும். காலி செய்யச் சொன்னால், 'என்னை வேலையிலிருந்து நீக்குகிறீர்களா?' என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு வரும் பதிலைப் பார்த்து மேலே நகரலாம்.

கேள்வி: கோத்தகிரியில் 8 ஆண்டு தனியார் பள்ளியில் இருந்து 2021-ல் விலகினேன். கொரோனா காலத்தில் 20,000 ரூபாய் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். பாக்கியை இப்போது கேட்க முடியுமா? பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) பாதிச் சம்பளத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சம்பளப் பாக்கிக்கு நாள் கடந்துவிட்டது அம்மா. சம்பளத்துக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் காலம். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சலுகை தந்தது. அந்தச் சலுகையைச் சேர்த்தாலும் 2025 பிப்ரவரியோடு முடிந்தது. ஒரே வழி, அந்தத் தேதிக்கு முன்பே நிர்வாகம் 'இவருக்கு இவ்வளவு பாக்கி' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அன்று முதல் மீண்டும் 3 ஆண்டு ஓடும். பழைய மெயில்களையும் சம்பளச் சீட்டுகளையும் தேடுங்கள்.

2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை முழுச் சம்பளம் தர உத்தரவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். அது மே மாதத்திலேயே விலக்கப்பட்டது. ஜூன் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வருமானமே இல்லை என்று பள்ளி சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டணத்தில் 40 சதவீதத்தை முன்பணமாகவும் 35 சதவீதத்தைப் பள்ளி திறந்த பிறகும் வாங்கிக்கொள்ள 2020 ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது.

பணிக்கொடை விஷயத்தில் உங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் உண்டு என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 20,000 முழுக்க அடிப்படைச் சம்பளம் என்று வைத்தால் 8 ஆண்டுக்கு 92,307 ரூபாய். 10,000-ஐ வைத்தால் 46,153. நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதிக்காத குறைப்பைக் 'கடைசிச் சம்பளம்' ஆக்க முடியாது என்று தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் வாதிடலாம். தாமதத்துக்கான காரணத்தையும் மனுவிலேயே எழுதுங்கள்.

கேள்வி: மகப்பேறு விடுப்பில் இருந்தபோது இரண்டு வாரம் பள்ளி மூடியிருந்தது. அந்த நாட்களை விடுப்பின் பின்னால் சேர்க்கலாமா?

முடியாது. மகப்பேறு விடுப்பு காலண்டர் கணக்கு, விடுமுறை நாட்களும் அதற்குள்தான். மூடலைக் காட்டி அந்த மாதச் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது.

கேள்வி: பள்ளி மூடியிருந்தபோது சம்பளம் தரவில்லை. வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். பிறகு பாக்கியைக் கேட்டால், 'டியூஷனில் சம்பாதித்தாய், ஆசிரியர் டியூஷன் எடுப்பதே குற்றம்' என்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது, அது உண்மை. அதற்காக உங்களிடம் விளக்கம் கேட்கலாம், நடவடிக்கையும் எடுக்கலாம். ஆனால் அது ஒழுங்கு நடவடிக்கை, சம்பளம் கடன். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழிக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. டியூஷனை இன்றே நிறுத்திவிட்டு, பாக்கியை மட்டும் தனிக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் டியூஷன் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒப்புகை அட்டை வந்ததும் பத்திரப்படுத்துங்கள், 3 ஆண்டுக் கணக்கையும் மறந்துவிடாதீர்கள்.