எக்ஸ்எஃப்சிஇ (லினக்ஸின் ஒரு டெஸ்க்டாப் சூழல்) மெனு, செட்டிங்ஸ் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு வீடியோ பிளேயரை நீக்கிவிட்டேன். மெனுவில் பெயர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. கிளிக் செய்தால் எதுவும் திறப்பதில்லை.

பதில்: அதன் பெயரையோ ஐகானையோ மெனு எடிட்டரில் எப்போதாவது மாற்றியிருப்பீர்கள். அப்போது எடிட்டர், மென்பொருளோடு வந்த மூல மெனுக் கோப்பைத் தொடாது. ஒரு நகலை உங்கள் ஹோம் ஃபோல்டரில் வைத்துவிடும். மென்பொருளை நீக்கினால் மூலம் போகும், நகல் தங்கும். ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குப் போய் கண்ட்ரோல்-எச் அழுத்துங்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டரைத் திறங்கள். அந்த பிளேயர் பெயரில் அங்கே இருப்பதை அழித்தால் மெனு சுத்தமாகிவிடும்.

கேள்வி: அண்ணா, பேனல் (மெனுவும் ஐகான்களும் இருக்கும் பட்டை) உயரத்தை 48-லிருந்து 26 ஆக்க, கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து திருத்தினேன். சேவ் ஆனது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடி 48!

பதில்: கோப்பைத் திருத்தியதில் பிழை இல்லை தம்பி, திருத்திய நேரம்தான் பிழை. எக்ஸ்எஃப்கான்ஃப் என்றொரு சேவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. செட்டிங்ஸை ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு கோப்பைத் திரும்பிப் பார்க்காது. நீங்கள் வேறு ஏதாவது ஒரு பேனல் செட்டிங்கை மாற்றினால் போதும், தன் நினைவில் உள்ள 48-ஐயும் சேர்த்துக் கோப்பின்மேல் எழுதிவிடும். பேனலை மட்டும் நிறுத்தித் தொடங்கினாலும் பயனில்லை, பேனலும் அதே சேவையைத்தான் கேட்கிறது.

செட்டிங்ஸ் எடிட்டரைத் திறங்கள். இடப்பக்கம் பேனலின் பெயரைத் தேர்ந்தால் வலப்பக்கம் எல்லா மதிப்புகளும் மரம்போல விரியும். 'பேனல்-1'-இன் கீழ் 'சைஸ்' என்ற வரியில் 26 கொடுத்த கணமே பேனல் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தப்பாகப் போனால் ரீசெட் பட்டன் இருக்கிறது. இந்த ஒரு கருவியைப் பழகிக்கொண்டால் கோப்புகளைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் பழைய விண்டோக்கள் தானாகத் திறக்கின்றன.

பதில்: லாக் அவுட் பெட்டியில் செஷனைச் சேமிக்கும் டிக் விழுந்திருக்கிறது. அதை எடுங்கள். 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' பகுதியில் சேமித்த செஷன்களையும் அழியுங்கள்.

கேள்வி: விண்டோவின் ஓரம் நூல்போல இருக்கிறது, பிடித்து இழுக்கவே முடியவில்லை.

பதில்: ஓரத்தை விட்டுவிடுங்கள். ஆல்ட்டை அழுத்தியபடி விண்டோவின் எந்த இடத்திலும் வலது பட்டனால் இழுத்தால் அளவு மாறும். இடது பட்டன் என்றால் விண்டோ நகரும்.

கேள்வி: எல்லாம் குழம்பிவிட்டது. மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். முதலில் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில்தான். லாக் அவுட் செய்துவிட்டு, கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வரும், கட்டளைகளை மட்டும் அடிக்கும் திரையில் உங்கள் பெயரிலேயே நுழைந்து, ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்'குக்குள் உள்ள 'எக்ஸ்எஃப்சிஇ4' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். அழிக்காதீர்கள், பழைய பேனல் அமைப்பு பின்னால் தேவைப்படும்.

கேள்வி: கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 சேர்த்தேன். 'அம்மா' என்று அடிக்க ம-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி விழவில்லை.

பதில்: அங்கே இருப்பது வெறும் விசை வரைபடம். ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. இரட்டித்தால் தானாகப் புள்ளி வைக்க முந்தைய எழுத்தை நினைவில் வைக்கும் கருவி வேண்டும். எழுத்துள்ளீட்டுக் கருவியான ஐபஸ்ஸையும், பல மொழி விசைமுறைகளைத் தரும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் ஆகி வாருங்கள். அதன்பின் உங்கள் ஆங்கில லேஅவுட் மாறிப்போனால் பயப்பட வேண்டாம்: ஐபஸ் விருப்பங்களின் அட்வான்ஸ்டு பக்கத்தில், சிஸ்டம் லேஅவுட்டையே பயன்படுத்தச் சொல்லும் டிக்கைப் போடுங்கள்.