புதுப் பெயின்ட் அடித்த எம்ஜிபியா, மங்கிப்போன எம்ஜிபியா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் நானே சரிசெய்ய ஆசை. இரண்டு கார்கள் பார்த்திருக்கிறேன். இரண்டும் 1972 மாடல். ஒன்றுக்குப் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், எஞ்சினும் நன்றாக ஓடுகிறது. இன்னொன்றில் பெயின்ட் மங்கியிருக்கிறது, எஞ்சின் புகைகிறது, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) வேலை செய்யவில்லை. ஆனால் விலை பாதிதான். எதை வாங்கலாம்?

பதில்: என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே எலும்புக்கூடு. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், கார் நடுவில் தொய்ந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே இருக்கும் சில்களுக்குத்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பெட்டிபோல ஓடும் பகுதி அது. வெளியே தெரிவது ஒரு தகடுதான். அதற்குள் செங்குத்தாக இன்னொரு தகடும், அடியில் கோட்டைச் சுவர் மாதிரி மடித்த ஒரு பட்டையும் இருக்கின்றன. துரு உள்ளே பிடித்து, கடைசியில்தான் வெளியே வரும். அதனால் புதுப் பெயின்ட் எனக்கு ஒருபோதும் நிம்மதி தருவதில்லை. நான் முதன்முதலில் வாங்கிய எம்ஜிபி கண்ணாடிபோல மின்னியது. ஆறு மாதத்தில் கதவுக்கடியில் கொப்புளம் கிளம்பியது. சுரண்டிப் பார்த்தால், அழுகிய சில்லை வெட்டி எடுக்காமல் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசியிருந்தார்கள். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவுக்கும் பின்பக்க விங்குக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) நடுவே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே மட்டும் குறுகியிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, துணி சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகிலும், முன் விங்கின் அடிப்பகுதியிலும், பின்சக்கர வளைவைச் சுற்றியும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பிறகு உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சில்லில் ஜாக்கிக்கென்று உள்ள இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது.

இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். அந்த வருட மாடலில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் பெட்டிகள் துருப்பிடிக்காமல் இருந்தால் அபூர்வம். அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது காரின் எஞ்சினைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1798 சிசி, இரும்பு பிளாக், எளிமையான அமைப்பு. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிகள் தயாரானதால் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால், பெரும்பாலும் வால்வு கைடு தேய்மானம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் போதும். எப்போதும் புகைந்தால் பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், கம்ப்ரெஷன் சோதனை சொல்லிவிடும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுங்கள். பழைய சீட்டுகளைத் தேயாமல் காத்தது பெட்ரோலிலிருந்த ஈயம்தான்; பிரிட்டனில் 2000-இலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் பொதுவிற்பனையில் இல்லை. ஆயில் பிரஷர் வண்டி சூடான பின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் எஞ்சினின் அடிப்பகுதி நன்றாகவே இருக்கிறது எனலாம்.

ஓவர்டிரைவுக்கு முதலில் வயர், ஸ்விட்ச், கியர்பாக்ஸ் ஆயில் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். அவசரப்பட்டுக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். இந்தக் காரில் அதை எஞ்சினோடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஆவணம். வி5சி பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் காரிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோட்ஸ்டர் என்றால் ஜிஎச்என்5 என்று தொடங்கும். 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இதனாலேயே பல கார்களின் அடிப்பக்கத்தை வருடக்கணக்காக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய எம்ஓடி முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாங்கும் முன் உங்கள் செலவிலேயே ஒரு சோதனை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

இரண்டாவது கார் சில் சோதனையில் தேறாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். விட்னியிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் அசல் அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்குப் புது பாடி செய்து தருகிறது. ஆனால் முதல் முயற்சிக்கு அது பெரிய செலவு.

தேறினால் வாங்கி, முதல் வேலையாக ரப்பர் பெட்ரோல் குழாய்களை மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். எத்தனால் குறைவான ஈ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள். பின்னாளில் சில்லில் வெல்டிங் தேவைப்பட்டால், வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கத்தைத் தொடுங்கள். நடுநடுவே கதவை மாட்டி, சந்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.