வெலிங்டனில் வடக்குப் பார்த்த வீடு

ஜூலையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வருகிறேன், எத்தனை ஸ்வெட்டர் வாங்கட்டும், எந்தப் பள்ளி நல்லது, வாடகை வீட்டில் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஸ்வெட்டரை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். பள்ளி பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பொறுத்தது. ஆகவே வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2009 ஜூனில், இங்கத்திய குளிர்காலத்தில், நாங்கள் எடுத்தது மலைச்சரிவின் தெற்குப் பக்கத்துப் பழைய மரவீடு. கிழக்கு வாசல் என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார் என் கணவர். இது பூமியின் தென்பாதி; சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. ஆகஸ்டு வரை வெயில் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வெளியே பத்து டிகிரி என்றால் உள்ளேயும் பத்துதான். காலையில் முதல் வேலை, ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துண்டால் ஒற்றிப் பிழிவது. அலமாரியில் என் கூறைப்புடவையின் மடிப்பெல்லாம் பூசணம். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்கள் தினமும் சோறு வடிக்கிறீர்களே" என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நானும் சமைத்தேன்.

கனடாவில் இருக்கும் தங்கை, வெளியே மைனஸ் இருபதில் வீட்டுக்குள் நைட்டியோடு உட்கார்ந்து என் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பாள்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் தனியார் வாடகை வீடுகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கூரையடியிலும் தரையடியிலும் குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன், சமையலறையிலும் குளியலறையிலும் ஆவியை வெளியே தள்ளும் ஃபேன், கூடத்தை 18 டிகிரிக்குக் கொண்டுவரும் ஹீட்டர் வேண்டும். படுக்கையறை ஹீட்டரைச் சட்டம் கேட்கவில்லை, கவனம். ஒப்பந்தத்தில் இந்த விவரமெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்காரரைப் பகைக்காதே, கம்பளி போர்த்திக்கொள் என்று நம் ஆட்களே சிலர் புத்தி சொல்வார்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள்.

வீடு பார்க்க நண்பகலில் போங்கள். வாஸ்துவை மறந்து, கூடத்தில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

எங்கள் முதல் வீட்டில் இளஞ்சூடான இடம் ஒன்றே ஒன்றுதான்: வெந்நீர்த் தொட்டி இருந்த அலமாரி. இட்லி மாவும், உறைந்த தேங்காயெண்ணெயும், மகனின் பள்ளிச் சட்டையும் அதற்குள்தான் இருக்கும். சில காலைகளில் சட்டையை எடுக்கப் போய், கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றிருக்கிறேன்.