லாபக் கணக்குக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திவருகிறேன். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. எங்கள் குடும்பம் முருக பக்தர்கள் குடும்பம். காலையில் பூஜை முடியாமல் மெஷின் ஓடாது. ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பகுதியை அன்னதானத்துக்குக் கொடுக்கிறோம். படிப்பை முடித்துத் தொழிலுக்கு வந்திருக்கும் என் மகன், "ஜாப் ஒர்க் செய்து தருபவர்களுக்கு நூறு நாள் கழித்துச் செக் கொடுத்துவிட்டு அன்னதானம் போடுவதில் என்ன பக்தி?" என்கிறான். நம்பிக்கையைத் தொழிலுக்குள் கொண்டுவரவே கூடாது என்பது அவன் கட்சி. நம்பிக்கை இல்லாமல் நேர்மையாக நிற்க முடியாது என்பது என் கட்சி. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் கேள்வியில் பக்தியின் மேல் வெறுப்பு எதையும் நான் காணவில்லை. கணக்குப் புத்தகத்தில் பக்தி எந்த இடத்தில் வருகிறது என்றுதான் அவர் கேட்கிறார். நம் வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கேட்டுவந்த கேள்விதான் இது.

மகமை என்ற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கின் மேல் பொதுக் காரியங்களுக்காகப் பிடிக்கப்படும் தொகை அது. அந்த ஆண்டு வியாபாரிக்கு லாபமா நட்டமா என்று அது பார்ப்பதில்லை. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு வளர்ந்த பள்ளி. லாபத்தில் பங்கு கொடுப்பவர் தமக்கு மிஞ்சியதிலிருந்து கொடுக்கிறார்; மகமை கொடுப்பவரோ அதைச் செலவாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு மிஞ்சுவதைத்தான் லாபம் என்கிறார். தொழிலுக்குள் நம்பிக்கை வருவதென்றால் இந்த இரண்டாவது வழியில்தான் வர முடியும் என்று நான் கருதுகிறேன்.

இதை நம் காலத்தில் மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி. அரவிந்தர் மீது ஆழ்ந்த பக்தி கொண்டவர். இளம் வயதில் தாக்கிய முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்ட பிறகும், அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவை மருத்துவர் ஆனார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், வீட்டை அடமானம் வைத்து 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே யாரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை; கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருகிறவரே தீர்மானிக்கிறார். அறையின் வசதி வேறுபடும். அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பிரிவிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறவர்கள்தான். அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் மேசைகள் இருக்கும். ஒரு கண்ணை முடித்துவிட்டு மருத்துவர் திரும்பும்போது அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். அந்தத் தயாரிப்பு வேலை முழுவதையும், கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே அதைச் செய்யத் தொடங்கி, விலையைப் பெருமளவு இறக்கினார்கள். இவ்வளவு ஏற்பாடும் பணம் கட்ட இயலாத ஒருவரை முதலிலேயே மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரைக் கடைசியில் நிறுத்தியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. புரை நீக்கிக்கொள்ள வருகிறவர் அரவிந்தர் யார் என்று அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் நம்பிக்கை மட்டும் போதும் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் சாக்லேட் தயாரித்த கேட்பரி குடும்பத்தினர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தொழிலாளர்களுக்குத் தோட்டத்துடன் கூடிய வீடுகள் வேண்டும் என்று போர்ன்வில் ஊரை உருவாக்கியவர்கள். தாங்கள் கோகோ வாங்கும், ஆப்பிரிக்காவின் மேற்கே போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவில் தொழிலாளர்கள் அடிமைகளாக நடத்தப்படுகிறார்கள் என்ற செய்தி 1901இல் அவர்களுக்கு எட்டியது. விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் கூலியாட்களும் விலையோடு சேர்க்கப்பட்டிருந்தார்கள். வாங்குபவராக இருந்தால்தான் போர்த்துகீசிய அரசிடம் பேச முடியும் என்று எண்ணினார்கள், ஆள் அனுப்பி விசாரித்தார்கள், அறிக்கைக்குக் காத்திருந்தார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909இல். குறை கூறிய பத்திரிகை மீது அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கில் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. இழப்பீடாகக் கொடுத்தது ஒரு பென்னியில் கால் பங்கு. அவர்களை வேஷதாரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் கண் முன்னால் இருந்த தொழிலாளரிடம் மனப்பூர்வமாக அன்பு காட்டியவர்கள், கண்ணுக்கு எட்டாத தொழிலாளர் விஷயத்தில் எட்டு ஆண்டுகள் தங்களுக்கே அவகாசம் கொடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உங்கள் கம்பெனிக்குக் கண்ணுக்கு எட்டாதவர் ஜாப் ஒர்க் செய்பவர். பத்து மெஷின் போட்டு ஒரு ஷெட்டில் தைத்துக் கொடுக்கும் அவர் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். உங்கள் செக் வரவில்லை என்றால் வட்டிக்கு வாங்கித்தான் போடுவார். உங்களுக்கு வெளிநாட்டு பையரிடமிருந்து பணம் தாமதமாக வருகிறது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தத் தாமதத்தைத் தாங்கும் சக்தி அவரைவிட உங்களுக்கு அதிகம். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நூறு நாளைக் குறைப்பதற்காக ஓரிரு ஆண்டுகள் அன்னதானத் தொகையைக் குறைக்க வேண்டி வந்தால் தயங்காமல் குறையுங்கள். அதனால் முருகனுக்குக் குறை வைத்ததாக ஆகாது. ஜாப் ஒர்க் செய்பவர் கட்டும் வட்டியில் அன்னம் இடுவதுதான் குறை.

காலைப் பூஜையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு வராதவருக்கு ஓவர்டைம் குறையக் கூடாது. ரம்ஜானுக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும்போது அவருடைய மெஷின் அவருக்கே இருக்க வேண்டும். பில் வந்த தேதியையும் பணம் போன தேதியையும் எழுதும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். நாள் தவறினால் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் உங்களைக் கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள்.