ஆர்15 பைக்குக்கு ஆஃப்டர்மார்க்கெட் ரியர்செட்: எதைப் பார்த்து வாங்குவது, வீட்டிலேயே மாட்டலாமா?

ஒருவர் கேட்டிருப்பது இது: யமஹா ஆர்15 வி4 வைத்திருக்கிறார், தினமும் ஆபீஸ் போகிறார், எப்போதாவது டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டும் நாள்). ரியர்செட் (ஃபுட் பெக் எனும் கால் வைக்கும் கட்டை, கியர் லிவர், பிரேக் பெடல், அவற்றைத் தாங்கும் பிளேட் எல்லாம் சேர்ந்த மாற்று செட்) போட்டால் பலன் உண்டா, தானே மாட்டிக்கொள்ள முடியுமா?

காசை எடுப்பதற்கு முன்னால் ஸ்பேனரை எடுங்கள். கியர் லிவரை இன்ஜினோடு இணைக்கும் கம்பெனி கியர் ராடின் இரண்டு முனையிலும் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, லிவரை உங்கள் பூட்ஸ் அளவுக்கு ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். "கால் சரியாக உட்காரவில்லை" என்று வருபவர்களில் நிறையப் பேருக்குக் குறை ஃபுட் பெக்கில் இருக்காது. லிவர் உயரத்தில்தான் இருக்கும். செலவில்லாமல் முடிந்துவிடும்.

அதன் பிறகும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ வளைவில் சாய்க்கும்போது பெக் தரையை உரசுகிறது என்றால் ரியர்செட்டுக்கு நியாயம் இருக்கிறது. பெக்கை மேலும் பின்னாலும் தள்ளுவதுதான் அதன் வேலை. ஆனால் பெக் ஏறிய அளவுக்கு முழங்கால் இன்னும் மடங்கும். பின்னால் போன அளவுக்கு உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். டிராக்கில் கொஞ்ச நேரம் ஓட்டும்போது இது தெரியாது. ஓஎம்ஆர் சிக்னலில் நின்று நின்று போகும்போது நன்றாகவே தெரியும். தினசரி வண்டிக்கு, பல துளைகள் கொண்ட, கம்பெனி நிலைக்குப் பக்கத்திலேயும் வைத்துக்கொள்ளக்கூடிய செட்டைத்தான் நான் சொல்வேன். ஒரே நிலையில் மட்டும் நிற்கும் செட் வேண்டாம்.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், லிவர் சுழலும் இடத்தைப் பாருங்கள். "சிஎன்சி, 6061 அலுமினியம்" என்று எல்லாப் பெட்டியிலும் அச்சடித்திருப்பார்கள். லிவரின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும். உள்ளே சீல் வைத்த பேரிங்கோ நல்ல புஷ்ஷோ இருந்தால் ஆடாது. அலுமினியம் நேரடியாக போல்ட்டின் மேலேயே சுழன்றால், நம் ஊர்த் தூசியும் மழையும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். அப்புறம் கியர் விழுந்ததா இல்லையா என்று காலுக்கே சந்தேகம் வரும். பெக்கும் லிவர் நுனியும் தனி உதிரியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வண்டி விழுந்தால் முதலில் உடைவது அவைதான்.

பெக் மடங்குமா, மடங்காதா? ரோட்டுக்கு மடங்குவதே நல்லது. மடங்காத பெக் சாய்வில் தரையைக் குத்தினால் பின் டயரையே தூக்கிவிடும் ஆபத்து உண்டு. கெட்டியாகப் பிடிக்கட்டும் என்று பெக்கில் வெட்டியிருக்கும் பற்கள் ரேசிங் பூட்ஸுக்கானவை. செருப்போடு ஓட்டுகிறவர்கள் செருப்புக்கும் தனியாக பட்ஜெட் போடவும்.

மாட்டும் வேலையில் இடது பக்கம் பொறுமை கேட்கும், வலது பக்கம் எச்சரிக்கை கேட்கும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

இடது பக்கத்தில், இன்ஜினிலிருந்து வரும் கியர் ஷாஃப்ட்டின் ஆர்மும் ராடும் ஏறக்குறைய 90 டிகிரியில் சந்திக்க வேண்டும். கோணம் தப்பினால் காலால் தள்ளும் தூரத்தில் ஒரு பகுதி வீணாகி, கியர் பாதியில் நின்று பொய் நியூட்ரல் விழும். ராடின் ஒரு முனையில் இடது மரை (எதிர்ப்பக்கம் திருகினால் இறுகும் மரை) இருக்கும். இரண்டு முனையிலும் போதுமான மரை உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லாக் நட்டை இறுக்குங்கள். இன்ஜினை ஆஃப் செய்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே 1 முதல் 6 வரை போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் ஆர்மைத் தலைகீழாகத் திருப்பி ரேஸ் ஷிஃப்ட் (லிவரைக் கீழே மிதித்தால் மேல் கியர் விழும் முறை) வைக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அப்படித் திருப்பினால் மேல் கியர் போடும்போது ராடில் விழும் விசையின் திசையே மாறும். ராடில் குயிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் வசதி) சென்சார் இருந்து, அது ஒரு திசை விசையை மட்டும் உணரும் வகையாக இருந்தால் வேலை செய்யாது.

வலது பக்கம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் ஹோஸைக் கழற்றாமல், மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) மட்டும் பழைய பிளேட்டிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த முடிந்தால், ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) வேலையே இல்லை. ஹோஸ் விறைப்பாக இழுபட்டால் அப்படியே விட்டுவிடாதீர்கள், நீளமான ஹோஸ் போடுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஹோஸை இணைக்கும் நடுத்துளை போல்ட்டான பேஞ்சோ போல்ட்டுக்குப் புது வாஷர், சீல் உடைக்காத பிரேக் ஆயில், டாங்கின் மேல் ஒரு துணி. பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

அதற்கடுத்து புஷ் ராட், அதாவது பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி. பெடலைத் தொடாதபோது புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் துளி இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பெடலை உயரமாக வைக்கிறேன் என்று அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பேடைத் தானே அழுத்தும். பேட் உரசி இன்னும் சூடாகும். கடைசியில் நீங்கள் மிதிக்காமலேயே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சில கிலோமீட்டர் பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு, டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோய் (தொடாமல்) அனல் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் லைட் ஸ்விட்ச்சை மாட்டப் பல செட்களில் இடமே இருக்காது. ஸ்பிரிங்கை எங்கேயாவது கட்டிச் சமாளிப்பதைவிட, பேஞ்சோ போல்ட்டிலேயே வரும் பிரஷர் ஸ்விட்ச் நல்ல வழி. மரை அளவு 10 எம்எம் என்றாலும் பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.0, 1.25 என இரண்டு உண்டு. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 1.25தான். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சேஸிஸ் போல்ட்களுக்கு நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போதும், சிவப்பு வேண்டாம். சிவப்பைப் போட்டால் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு (இறுக்க வேண்டிய விசை) டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருபவருக்கு ஃபுட்ரெஸ்ட் வேண்டும் என்கிறது. டிராக் செட்கள் பலவற்றில் பில்லியன் பெக்குக்கு இடமே கிடையாது. அப்படிப்பட்ட செட்டோடு வீட்டில் இருப்பவரை ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படியும் தப்பு, அவர் கால் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் என்பதாலும் தப்பு. அதனால் உங்கள் உபயோகத்துக்கு பில்லியன் பெக் இருக்கும் செட்டாகத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கம்பெனி பிளேட்டை விற்றுவிடாமல் வைத்திருந்து, டிராக் டேவுக்கு மட்டும் மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள். ஹோஸைக் கழற்றாமல் மாஸ்டர் சிலிண்டரை நகர்த்தப் பழகிவிட்டால் அது ஒன்றும் பெரிய வேலையில்லை.