கண்ணாடி ஏறவில்லையா? சுவிட்சைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, புனலூரில் பழைய கார் ஒன்று வாங்கினேன். இடப்பக்க முன்கதவுக் கண்ணாடி இறங்குகிறது, ஏறவில்லை. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
- வாசகர், புளியரை

பதில்: பொறுங்கள் தம்பி. இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே மோட்டார்தான். இரண்டு ஒயரில் பிளஸ், மைனஸ் இடம் மாறினால் சுற்றும் திசை மாறும். மாற்றிவிடுவது சுவிட்ச். அதனால் எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான்.

இரவில் உள்விளக்கைப் போட்டு, ஏற்றும் பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கண்ணாடி, அது ஓடும் ரப்பர் பட்டையில் (பீடிங்) இறுகியிருக்கலாம். மங்காவிட்டால் டிரைவர் பக்க சுவிட்சில் ஏற்றிப் பாருங்கள். ஏறினால் இடப்பக்க சுவிட்ச்தான் கெட்டது. ஏறாவிட்டாலும் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்: பல பழைய கார்களில் இடப்பக்க மோட்டாருக்கான எர்த் (கரண்ட் திரும்பும் மைனஸ் வழி), டிரைவர் பக்க சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு காண்டாக்ட் (சுவிட்சுக்குள் தொட்டுக்கொள்ளும் உலோக முனை) கருகினாலும் இதே கோளாறு வரும்.

உறுதி செய்ய, மோட்டார் சாக்கெட்டைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனைக்கும் நடுவே 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். இறக்கும்போது எரிந்து, ஏற்றும்போது எரியாவிட்டால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோதான். கதவு கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் பக்கத்துச் சாரலில் கண்ணாடியைத் திறந்து வைத்த வண்டிகளில் காண்டாக்ட் பச்சை பூத்திருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.