குடும்ப சிகிச்சை எங்கே தொடங்கியது? – கேள்வி பதில்

காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டம் இந்த மாதம் குடும்ப சிகிச்சையின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. மனநலத் துறையில் முப்பது ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதே எனக்குள்ள தகுதி. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இங்கே வரலாறு கிடைக்கும், யார் வீட்டு வழக்குக்கும் தீர்ப்புக் கிடைக்காது.

கோட்டையூர் வாசகர்: குடும்ப சிகிச்சையின் தந்தை யார்?

அப்படி ஒருவர் இல்லை. 1950களில் அமெரிக்காவின் நாலைந்து ஊர்களில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, நோயாளியைத் தனியே பார்க்காமல் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஒரே வேலையைப் பலர் தொடங்கினார்கள். நியூயார்க்கின் நேதன் அக்கர்மன் 1938லேயே குடும்பத்தை ஓர் உயிருள்ள முழுமையாகப் பார்த்துக் கட்டுரை எழுதியவர். குழந்தை மனநல மருத்துவரான அவர் 1960இல் அங்கே ஒரு குடும்ப நிலையத்தையும் நிறுவினார்.

எனக்குப் பிடித்த கதை ஜான் பெல்லுடையது. மாசசூசெட்ஸின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்த அவர் 1951இல் லண்டனுக்குப் போனபோது, டாவிஸ்டாக் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி குடும்பங்களைச் சந்திக்கிறார் என்று பேச்சுவாக்கில் கேள்விப்பட்டார். முழுக் குடும்பத்தையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பௌல்பி சிகிச்சை செய்கிறார் என்று எண்ணிக்கொண்டு, ஊர் திரும்பியதும் தாமும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார். உண்மையில் பௌல்பி வழக்கமாகத் தனித்தனியாகத்தான் பார்த்துவந்தார். குடும்பத்தை எப்போதாவது ஒருமுறை ஒன்றாக அழைப்பதோடு சரி. காதில் அரைகுறையாக விழுந்த ஒரு செய்தியிலிருந்து ஒரு சிகிச்சை முறை பிறந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

பள்ளத்தூர் வாசகி: அதற்கு முன்பு ஏன் யாரும் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசவில்லை?

கூப்பிடக் கூடாது என்பதே அன்றைய ஒழுங்கு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சு வெளியே போகக் கூடாது என்றும், உறவினர் தலையிட்டால் சிகிச்சை கெட்டுவிடும் என்றும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வழிவந்தவர்கள் நம்பினார்கள். இத்தனைக்கும் ஃபிராய்டே 1909இல் வெளியிட்ட, குதிரையைக் கண்டு பயந்த சிறுவனின் வரலாற்றில், சிகிச்சையைப் பெரும்பாலும் அந்தப் பையனின் தகப்பனார் வழியாகத்தான் நடத்தியிருந்தார். குழந்தை வழிகாட்டு நிலையங்களிலும் பிள்ளை ஓர் அறையில் மருத்துவரிடம் இருக்கும், தாய் வேறோர் அறையில் சமூகப் பணியாளரிடம் இருப்பார்.

என் தொழிலுக்கு ஒரு வரி பெருமை சேர்த்துக்கொள்கிறேன். குடும்பத்தை விட்டுவிட்டுத் தனி மனிதனை மட்டும் சரிசெய்தால் அந்தப் பலன் நிலைக்காது என்று மேரி ரிச்மண்ட் என்ற சமூகப் பணியாளர் 1917இலேயே எழுதிவிட்டார். மருத்துவர்கள் அங்கே வந்துசேர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கானாடுகாத்தான் வாசகர்: ‘டபுள் பைண்ட்’ என்கிறார்களே, அது என்ன?

கிரெகரி பேட்சன் மருத்துவரல்லர், மானிடவியலாளர். 1952 முதல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பேச்சிலுள்ள முரண்களை ஆராய்ந்துவந்தார். ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட், மனநல மருத்துவர் டான் ஜாக்சன் ஆகியோரும் அவரும் சேர்ந்து 1956இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ‘இரட்டைக் கட்டு’ என்று பொருள்படும் இந்தச் சொல் புகழ்பெற்றது. அதிலுள்ள காட்சி இது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயிலிருந்து தேறிவரும் மகனைப் பார்க்கத் தாய் வருகிறார். மகன் ஆசையோடு தோளில் கை போடுகிறான். தாயின் உடம்பு விறைக்கிறது. கையை எடுத்துக்கொள்கிறான், “என்மேல் உனக்குப் பாசம் போய்விட்டதா?” என்று கேட்கிறார். முகம் சிவக்கிறான், “உணர்ச்சிகளைக் கண்டு இப்படிக் கூச்சப்படக் கூடாது” என்கிறார். கையைப் போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு.

“உன் இஷ்டப்படி செய்” என்று சொல்லிவிட்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மாமியாரை உடனே இதில் சேர்த்துவிடாதீர்கள். அந்த இடத்தை விட்டு விலகவும் முடியாமல், “நீங்கள் சொல்வது ஒன்று, காட்டுவது ஒன்று” என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், அதே நிலை மீண்டும் மீண்டும் நேர்ந்தால்தான் அது இரட்டைக் கட்டு.

இனி என் எச்சரிக்கை. மனச்சிதைவு நோய் இப்படித்தான் உண்டாகிறது என்ற அந்தக் கருதுகோளை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அதற்கு முன்பே, 1948இல் மனநல மருத்துவர் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து, நோயுற்ற பிள்ளையை இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட தாய்மார்களின் தலையில் பழியை ஏற்றின. இந்தத் துறையின் வரலாற்றில் நான் வெட்கப்படும் பகுதி அது.

புதுவயல் வாசகர்: இத்துறையின் தந்தை என்று யாரைச் சொல்லலாம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

தேவகோட்டை வாசகர்: ஆச்சி, வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் நாம். பெரியவர்கள் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்ததைத்தானே அவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள்?

அண்ணன், உங்கள் பேச்சில் பாதி சரி; ஆனால் அந்தச் சரியான பாதியை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் ‘வேறு வைப்பது’ வழக்கம். வீடு ஒன்றுதான், முகப்பு ஒன்றுதான், நல்லது கெட்டது எல்லாம் பொதுதான். ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுச் செலவுக்கென்று அளந்து கொடுக்கும் தொகை, கோயில் கணக்கில் தனிக் குடும்பமாக ஒரு புள்ளி. சால்வடோர் மினுச்சின் என்ற அர்ஜென்டினாக்கார மனநல மருத்துவர் நியூயார்க்கின் ஏழைச் சிறுவர்களிடையே வேலை செய்து, பிறகு பிலடெல்பியாவில் 1974இல் எழுதிய நூலில் வற்புறுத்துவது இதைத்தான். கணவன் மனைவிக்கு ஒரு வேலி, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு வேலி; அது சுவர்போல இறுகியும் இருக்கக் கூடாது, இருந்தும் இல்லாததுபோலவும் ஆகிவிடக் கூடாது. அடுப்பைப் பிரித்து முற்றத்தைப் பொதுவாக வைத்த நம் முன்னோர் அந்த வேலியைக் கட்டடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

தவறான பாதி பட்டாலை. அங்கே உட்கார்ந்த பெரியவர் தீர்ப்புச் சொல்பவர். சிகிச்சையாளர் சொல்லக் கூடாதது தீர்ப்பு. மேலும் அந்தப் பெரியவரே சண்டையில் ஒரு பங்காளியாக இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, மருமகளுக்கு அந்தப் பட்டாலையில் இடம் இருந்ததா?

அதே தேவகோட்டை வாசகர்: மருமகளுக்குப் பேச்சு இல்லை என்பது அபாண்டம். என் அப்பத்தா சொல்லாமல் வீட்டில் ஒரு படி அரிசி அளக்க மாட்டார்கள்.

அப்பத்தாவுக்கு அப்போது என்ன வயது, அண்ணன்? இடுப்பில் சாவிக்கொத்து ஏறிய பிறகு நடந்ததைச் சொல்கிறீர்கள். பதினாறு வயதில் அந்த வீட்டுக்குள் வந்த பெண்ணிடம் யாராவது யோசனை கேட்டார்களா என்பதே என் கேள்வி.

இதை உங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் என்ற பெண் சிகிச்சையாளர் குடும்ப சிகிச்சையின் மீதே இதே குற்றச்சாட்டை வைத்தார். குடும்பத்தில் யார் செய்வது காரணம், யார் செய்வது விளைவு என்று பிரிக்க முடியாது, எல்லாம் வட்டமாகச் சுற்றுகிறது என்பது இத்துறையின் மூலக் கருத்து. அவள் நச்சரிப்பதால் அவன் ஒதுங்குகிறான், அவன் ஒதுங்குவதால் அவள் நச்சரிக்கிறாள் என்பது வரை அந்தக் கருத்து அழகாகப் பொருந்தும். அவன் கை ஓங்குகிற வீட்டில் அதையே சொன்னால், அடி வாங்கியவளும் அடிக்குப் பங்காளி என்றாகிவிடும். பணமும் பலமும் யார் கையில் என்று கேட்காத வட்டம் நியாயமான வட்டமாகாது. இதைப் பெண்கள் சொன்ன பிறகே ஆண்களாக நிரம்பியிருந்த அந்த முன்னோடிகளின் கூட்டம் செவிசாய்த்தது.

ஆத்தங்குடி வாசகர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேறு வைத்ததால்தானே குடும்பங்கள் உடைந்தன?

இல்லை. வேறு வைப்பதும் விட்டுப் போவதும் வேறு வேறு. இதை அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரி போவன் நன்றாக விளக்கியிருக்கிறார்: உறவை அறுத்துக்கொண்டு தூரதேசம் போகிறவன் விடுதலை அடைந்துவிட்டதாக நினைக்கிறான், வீட்டுக்குள்ளேயே கிடப்பவனைப்போலவே அவனும் கட்டுண்டுதான் இருக்கிறான். உறவுக்குள் இருந்துகொண்டே தன் கருத்தைத் தன் கருத்தாகச் சொல்ல முடிவதுதான் அவர் கண்ட முதிர்ச்சி.

தேவகோட்டை அண்ணன் மூன்றாவதாக அனுப்பிய நாலு பக்கங்களையும் படித்தேன். அவர்களுடைய அப்பத்தாவின் மீது எனக்கும் மரியாதை உண்டு. மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

கண்டனூர் வாசகி: மினுச்சின் முறையில் அறைக்குள் என்னதான் நடக்கும்?

நடந்ததைப் பேசுவதைவிட, எதிரே நடத்திக் காட்டச் சொல்வார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார், யாரிடம் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்கிறார் என்று பார்த்து, அந்த இருக்கையையே மாற்றுவார்கள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பள்ளிக்குப் போக மறுத்த பதினான்கு வயதுப் பையன், தாய், சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பில் தகப்பனார். கைபேசி தாயின் கையில். தகப்பனார் ஏதாவது கேட்டால் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, “ஏன் போகவில்லை என்று அப்பச்சி கேட்கிறார்கள்” என்று மகனிடம் சொல்வார். அவன் முனகினால், “தலைவலி என்கிறான்” என்று அங்கே சொல்வார். இருபது நிமிடம் இப்படியே போயிற்று. கைபேசியைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் இங்கே என் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு தகப்பனார், “சாப்பிட்டியாடா?” என்றார். பள்ளியைப் பற்றியல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தாய்க்கு இரண்டு முறை வாய் திறந்து மூடியது.

குன்றக்குடி வாசகி: என் மருமகளை இந்த முறையில் திருத்த முடியுமா?

முடியாது. நீங்கள், மகன், மருமகள் மூவரும் சேர்ந்து வர இசைந்தால் பயிற்சி பெற்ற ஒருவரிடம் போங்கள். திருத்தவேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு போகாதீர்கள்.

காரைக்குடி வாசகர்: இந்தியாவுக்கு இது எப்போது வந்தது?

இதற்குத்தான் காத்திருந்தேன். 1954இல் வாஷிங்டனை அடுத்த பெதஸ்தாவில், மனச்சிதைவு நோயுற்ற பெண்களோடு அவர்களுடைய தாய்மாரையும், பிறகு தந்தையரையும் போவன் மருத்துவமனைக்குள்ளேயே குடியிருக்க வைத்தார். இந்தக் குடும்பத்தில் நோய் எப்படி உருவாயிற்று என்று கண்டறிவது அவருடைய நோக்கம். அதே 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். நெரிசலான மருத்துவமனை, போதாத ஆள் பலம். நோயாளியைக் கவனிக்கவும், நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்துப் போகவும் அவருக்குக் குடும்பம் தேவைப்பட்டது. 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவதே முறையாயிற்று. பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பின்னர் குடும்ப சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவையும் பயிற்சியையும் ஏற்படுத்தியது.

ஆகவே, அங்கே குடும்பம் சந்தேகத்துக்கு உரியதாகவும் இங்கே துணைக்கு உரியதாகவும் மருத்துவமனைக்குள் நுழைந்தது. பிற்காலத்தில் மேலை நாடுகளும் நம் வழிக்கு அருகில் வந்தன. லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரௌன் தொடங்கிய ஆய்வுகள், வீட்டில் ஓயாத குறைகூறலும் பகையும் அளவுக்கு மீறிய தலையீடும் இருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கூடுவதைக் காட்டின. இது நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பது அல்ல, நோய் திரும்பாமல் காப்பது. சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, லண்டனைவிடக் குறைகூறும் குடும்பங்கள் குறைவாகவே இருந்தன.

பெயர் குறிப்பிடாத வாசகர்: குடும்பத்தோடு பேசினால் என் தம்பியின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. குடும்பத்துக்கான சிகிச்சை மருந்தோடு சேர்ந்து நடப்பது, மருந்துக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். இரவில் யாரிடமாவது பேசவேண்டும்போல் இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

திருப்பத்தூர் வாசகர்: தந்தை இல்லை என்கிறீர்கள், தாயாவது உண்டா?

விர்ஜீனியா சாட்டிரைச் சிலர் அப்படி அழைப்பார்கள். அவரும் சமூகப் பணியாளர். இந்த வரிசையில் இனி ஒரு கேள்வியும் ஏற்பதற்கில்லை.

செட்டிநாடு வாசகி: குடும்ப வரைபடம் போடுவது எப்படி, ஆச்சி?

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குக் கிடைக்கோடு, பிள்ளைகள் அதிலிருந்து கீழே. குறைந்தது மூன்று தலைமுறை. யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையும் கோடுகளில் காட்டவேண்டும். போவன் 1967இல் ஒரு கருத்தரங்கில் பிறர் குடும்பத்தை விட்டுவிட்டுத் தம் குடும்பத்தையே எடுத்துப் பேசினார். அதிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டை வரைவதில் தொடங்குவது வழக்கமாயிற்று. நானும் வரைந்தேன். என் அப்பச்சி சுவீகாரம் போனவர்கள். ஆகையால் பெற்றவர்களுக்கு ஒரு வரிசை, கூட்டிக்கொண்டவர்களுக்குப் புள்ளிக்கோட்டில் இன்னொரு வரிசை. பாட்டனாரான ஐயாவும் அப்படியே போனவர்கள் என்பது பாதி வரைந்த பிறகு நினைவுக்கு வந்தது. தாள் போதாமல் இடப்பக்கம் இன்னொரு தாளை ஒட்டினேன். நீங்கள் முதலிலேயே பெரிய தாளாக வாங்கிக்கொள்ளுங்கள்.